எங்க ஊருக்கு முத்திரை ஒரு முக்கோணம்!

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்குறது எந்த ஊர் கோபுரம்?" என்று யாரையாவது கேட்டுப்பாருங்கள். "இது இன்னா கேள்வி? நம்ம பெரிய கோபுரம்தான்" என்று சொல்லிவிட்டு, கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். என் அப்பாவும் அந்தக் கட்சிதான். ஆனால், அப்படிச் சொல்ல மற்றவர்களைவிட அவருக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. முப்பது வருடங்களுக்கும் மேலாக அந்த முத்திரையைக் கையால் வரைந்தவர் அவர்.

அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். பள்ளிக்கூடச் சுவர், ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, கால்நடை மருந்தகம், ஜீப் கதவு... எங்கள் பக்கத்தில் அரசாங்கம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் அப்பாவின் பிரஷ்ஷும் போயிருக்கிறது. சுவரில் ஓர் ஆணி, அதில் ஒரு நூல், நூலின் நுனியில் பென்சில். வட்டம் தயார். அடுத்து கோபுரம். அதற்கு முன்னால் சிங்கத்தூண். இரண்டு பக்கமும் தேசியக்கொடி. கடைசியாக எழுத்து: மேலே 'தமிழ்நாடு அரசு', கீழே 'வாய்மையே வெல்லும்'. "சிங்கம்தான் பாப்பா கஷ்டம். மூணு மூஞ்சி தெரியணும். நாலாவது இருக்குன்னும் தெரியணும், ஆனா தெரியக் கூடாது" என்பார். கோபுரத்தை மட்டும் எதையும் பார்க்காமலே வரைவார்.

ஃப்ளெக்ஸ் வந்தது. முத்திரையை கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து ஒட்டினால் ஐந்து நிமிட வேலை. அப்பாவின் தொழில் எப்படிப் படுத்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார்.

நான் சென்னையில் ஜர்னலிசம் டிப்ளமோ முடித்து, டிஜிட்டல் டெஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய கட்டுரைகளில் ஒன்று, இந்த அரசு முத்திரையைப் பற்றியது. விஷயம் இதுதான். 1949-ல், அன்றைய சென்னை மாகாணத்துக்காக இதை வடிவமைத்தவர் ஓவியர் ஆர்.கிருஷ்ணா ராவ். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சிக்காலத்தில் உருவானது. மாநிலம் 1969-ல் 'தமிழ்நாடு' ஆனபோது முத்திரையிலும் பெயர் மாறியது. கோபுரம் அப்படியே நின்றது. அது எந்தக் கோபுரம் என்பதில்தான் வழக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்பது நாம் பாடப்புத்தகக் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தது. ரசிகமணி டி.கே.சி. கொடுத்த யோசனை என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மதுரைக்காரர்களோ, 'வரைந்தவரே எங்கள் ஊர்க்காரர், அவர் பார்த்து வரைந்தது மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரம்' என்பார்கள். இந்தப் பஞ்சாயத்தில் எங்கள் ஊர் சாட்சியாகக்கூட இல்லை. 217 அடி உயரம், 11 நிலை, கிருஷ்ணதேவராயர் தொடங்கி தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த ராஜகோபுரம் இருந்து என்ன பயன்? முத்திரையில் இடமில்லை.

போனில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எந்தக் கோபுரமா வேணா இருக்கட்டும் பாப்பா. நான் வரையறப்ப என் மனசுல நின்னது இதுதான். அப்ப நான் வரைஞ்ச போர்டுல எல்லாம் இதுதானே இருக்கும்?" என்றார்.

எனக்கு பதில் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முத்திரையை ஆணையில் எழுதுகிறவர் ஒருவர், சுவரில் எழுதுகிறவர் வேறொருவர்.

இந்த ஆணை - சுவர் விவகாரம் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது, ஒரு மெக்ஸிகோ கட்டுரையால். உலகக் கோப்பை கால்பந்து நடத்தும் நாடுகளின் கொடிகளைப் பற்றி கார்டு போடும் வேலை டெஸ்க்கில் என் தலையில் விழுந்தது. மெக்ஸிகோ கொடியின் நடுவில், சப்பாத்திக் கள்ளியின் மேல் நின்று பாம்பைக் கொத்தும் கழுகு இருக்குமே, அதைப் பற்றி நான்கு வரி எழுத வேண்டும். நான்கு வரிக்காகத் தேடப்போய் இரண்டு நாள் அதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கழுகு எங்கே உட்காருகிறதோ அங்கே ஊரைக் கட்டுங்கள் என்று ஆஸ்டெக் மக்களுக்கு அவர்கள் தெய்வம் சொன்னதாம். ஏரி நடுவே ஒரு தீவில் அந்தக் காட்சி தெரிய, அங்கே எழுந்த நகரம்தான் டெனோச்டிட்லான். இன்றைய மெக்ஸிகோ சிட்டி. 1521-ல் ஸ்பெயின்காரர்கள் அதை இடித்துப் பிடித்தார்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1523-ல், ஸ்பெயின் அரசர் ஐந்தாம் சார்லஸ் அந்த நகரத்துக்குப் புதிதாக ஒரு சின்னம் வழங்கினார். நீர் நடுவே ஒரு கோட்டை, அதற்கு மூன்று பாலங்கள், கோட்டைமேல் கால் பதித்த இரண்டு சிங்கங்கள். சுற்றிலும் பத்து கள்ளி மடல்கள். கழுகு இல்லை! ஜெயித்தவன் தன் வீரத்தை வரைந்து, தோற்றவனிடம் 'இதுதான் உன் ஊர்' என்று கொடுத்த படம் அது.

மக்கள் என்ன செய்தார்கள்? கழுகை விடவில்லை. கட்டடங்களில் அது எட்டிப்பார்த்துக்கொண்டே இருந்தது. 1642-ல் பலாஃபாக்ஸ் என்ற வைஸ்ராய், இது பழைய மதத்தின் சின்னம் என்று சொல்லி அகற்ற உத்தரவிட்டார். அப்படியும் போகவில்லை. 1821-ல் விடுதலை கிடைத்தபோது நாட்டின் கொடிக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. சார்லஸ் கொடுத்த கோட்டையும் சிங்கமும் அந்த நகரத்தின் சின்னத்தோடு நின்றுவிட்டன. கழுகு காசில் இருக்கிறது, சட்டையில் இருக்கிறது, கால்பந்து மைதானத்தில் இருக்கிறது.

நமக்கும் இப்படிச் சின்னம் கொடுத்திருக்கிறார்கள். 1877-ல் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க டெல்லியில் ஒரு தர்பார் நடந்தது. அதற்காக ராபர்ட் டெய்லர் என்ற ஆங்கிலேய அதிகாரி உட்கார்ந்து, நம் சமஸ்தான ராஜாக்களுக்கெல்லாம் ஐரோப்பிய பாணியில் கேடயச் சின்னம் வரைந்து தள்ளினார். பட்டுத்துணியில் கொடியாக்கி ஆளுக்கொன்று கையில் கொடுத்து அனுப்பினார்கள். வில், புலி, மீன் என்று மூவேந்தர்களும் தாங்களே கொடி வைத்துக்கொண்டு வாழ்ந்த நாட்டில், ராஜாவுக்குக் கொடி தர ஒரு ஐ.சி.எஸ் ஆபீஸர்!

எங்கள் ஊரும் பல கொடிகளைப் பார்த்ததுதான். ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் இங்கே தங்கி ஆண்டிருக்கிறார். அவர் வம்சத்தின் சின்னம், சிங்கத்தோடு சண்டை போடும் சளன் என்ற வீரன். விஜயநகரத்தாருக்குப் பன்றியும் வாளும், சூரியனும் சந்திரனும். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதியது எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். கர்நாடகப் போர்கள் நடந்த காலத்தில் கோயில் மதிலே கோட்டை மதிலாக இருந்தது. மதில்மேல் யார் கொடி என்பது வருடத்துக்கு வருடம் மாறியிருக்கும்.

இதில் எதுவும் ஊருக்குள் தங்கவில்லை. வல்லாளர் மட்டும் தங்கினார், அதுவும் சிங்கத்தோடு அல்ல. பிள்ளை இல்லாத அவருக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வந்தார் என்று கதை. அதனால், ஒவ்வொரு வருடமும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், வல்லாள மகாராஜாவுக்கு மகன் முறையில் திதி கொடுக்கிறார். எழுநூறு வருடத்துக்கு முந்தைய ராஜாவுக்கு இன்னமும் திதி! அவர் கொடியில் என்ன இருந்தது என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அவர் செத்த வீட்டுக்கு யார் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கொடி என்று சொன்னாலே எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோயில் கொடி. நந்தி எழுதிய துணி, தங்கக் கொடிமரம், தர்ப்பைக் கயிறு. அண்ணாமலையார் கோயிலில் வருடத்துக்கு நான்கு முறை கொடியேற்றம் உண்டு. ஆனால், 'கொடியேறிடுச்சா?' என்று சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் போன் போட்டுக் கேட்பது கார்த்திகைக்குத்தான். பத்து நாள் திருவிழா, பத்தாம் நாள் மாலை மலையுச்சியில் மகாதீபம். "கொடியேறினா ஊரைத் தாண்டாதீங்க" என்று ஆயா திட்டும். அந்தக் கொடி எந்த ராஜாவுடையதும் இல்லை. திருவிழா முடிந்ததும் இறங்கிவிடும் என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். ஏறிய கொடி எல்லாம் இறங்கத்தானே வேண்டும்!

சரி, ஊரின் முத்திரை எது?

2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. அந்தச் செய்தி வந்த அன்று அப்பா கேட்ட முதல் கேள்வி, "சின்னம் மாத்துவாங்களா? போர்டு எல்லாம் புதுசா எழுதணுமே?" தொழில் போனாலும் தொழில்காரன் புத்தி போகாது. ஆனால், எங்கள் ஊருக்கு ஒரு சின்னம் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் ஆணை போடவில்லை. கெஜட்டில் வரவில்லை. ஒரு முக்கோணம், அதன் உச்சியில் ஒரு சுடர். அவ்வளவுதான்.

டீக்கடை போர்டு, ஆட்டோவின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை கட்டைப்பை, தண்ணீர் கேன் லேபிள், லாட்ஜ் சாவிக்கொத்து, அரிசி மூட்டை. எங்கு திரும்பினாலும் அந்த முக்கோணம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பென்சில் கொடுத்து 'நம்ம ஊரை வரை' என்றால் இரண்டே கோட்டில் முடித்துவிடும். நாலு சிங்கம் பொறித்த தேசியச் சின்னத்தைக் கண்டபடி பயன்படுத்தினால் தண்டிக்க 2005-ல் போட்ட சட்டம் இருக்கிறது. மலைக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரையலாம். ஊரின் சொத்து.

அப்பா சொல்லிக்கொடுத்த இன்னொரு விஷயம், மலையை எந்தப் பக்கமிருந்து வரைவது என்பது. 14 கிலோமீட்டர் கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும், மலை ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஓரிடத்தில் ஒற்றை உச்சி. இன்னோர் இடத்தில் ஐந்து முகம். சில இடத்தில் படுத்திருக்கும் மாடு போலக்கூட இருக்கும். ஆனால் போர்டில் வரும் மலை எப்போதும் கிழக்குப் பக்கத்து மலைதான். ஊரும் கோயிலும் இருக்கும் பக்கம். "மலைக்கு முன்னாடி கோபுரம் வந்தாத்தான் அது நம்ம மலை. இல்லைன்னா எந்த ஊர் மலையோ" என்பார் அப்பா. மேற்குப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த மலை எந்த போர்டிலும் வந்ததில்லை.

மெக்ஸிகோவை இன்னும் முடிக்கவில்லை. ஏனென்றால், என்னை அதிகம் ஆச்சர்யப்படுத்தியது கழுகு அல்ல, அங்கேயும் மலைதான். ஆஸ்டெக்குகளின் நஹுவாட்ல் மொழியில் 'ஊர்' என்பதற்குச் சொல், 'அல்டெபெட்ல்'. பிரித்தால் 'நீர் - மலை' என்று வரும். நீரும் மலையும் சேர்ந்தால் ஊர். அவர்கள் சித்திர எழுத்தில் ஓர் ஊரைக் குறிக்க ஒரு மலையை வரைந்து அதன்மேல் அடையாளம் ஒன்றை வைப்பார்கள். மலைமேல் வெட்டுக்கிளி வரைந்தால் சபுல்டெபெக், அதாவது வெட்டுக்கிளி மலை. இன்றும் மெக்ஸிகோ சிட்டி மெட்ரோவில் அந்த ஸ்டேஷனுக்கு அடையாளம் வெட்டுக்கிளிதான். அங்கே பல நகராட்சிகள் இன்று அந்தப் பழைய மலைச் சித்திரங்களையே தங்கள் சின்னமாக வைத்திருக்கின்றன. மலைமேல் ஒரு சுடரை வரைந்தால்? அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் 'நெருப்பு மலை' என்று படித்திருப்பார். அக்னித் தலம் என்று நாம் சொல்வதும் அதைத்தானே!

ஆனால் அவர்கள் ஊரின் பெயரில் நீர் இருக்கிறது. மலை என்பது நீர் நிறைந்த பெரிய பானை, அது ஒருநாள் உடைந்தால் நீர் வெளியே பாய்ந்துவிடும் என்று அந்த மக்கள் நம்பியதாக, 16-ம் நூற்றாண்டில் அவர்களோடு வாழ்ந்த சகாகுன் என்ற பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார்.

இதைப் படித்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள். திருவண்ணாமலையில் மழை விடவே இல்லை. அன்று மாலை மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில் மண் சரிந்து பெரும் பாறையோடு வீட்டின்மேல் விழுந்தது. உள்ளே ஏழு பேர். அதில் ஐந்து பேர் குழந்தைகள். யாரும் பிழைக்கவில்லை.

அன்று எனக்கு டெஸ்க்கில் ஷிப்ட். என் ஊர் செய்தியை நான்தான் லைவ் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி. அப்பாவின் போன் இரண்டு மணி நேரமாகப் போகவில்லை. முதல் தகவல் வந்ததும் உடனே பக்கம் போட வேண்டும், படம் வேண்டும். எங்கள் படத் தொகுப்பில் 'திருவண்ணாமலை' என்று தேடினேன். நூற்றுக்கணக்கில் வந்தது. மலையும் தீபமும். மலையும் கோபுரமும். மலையும் முழுநிலவும். கிரிவலக் கூட்டம். தீபக் கொப்பரை. மலைச்சரிவில் இருக்கும் வீடுகளின் படம் ஒன்றுகூட இல்லை. நான் விளையாடிய தெருக்கள் அவை. பள்ளித் தோழிகள் இருந்த வீடுகள். ஆயிரம் பேர் கேமராவோடு வந்து போகும் ஊரில், எல்லோரும் கொஞ்சம் மேலே பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் புயல் மழையின் பொதுவான படம் ஒன்றைப் போட்டேன்.

அப்பா இரவு பத்தரைக்கு மேல் கூப்பிட்டார். கரன்ட் இல்லை, பக்கத்து வீட்டு போனில் பேசுகிறேன் என்றார். "மல எறங்கிடுச்சு பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடம் தீபம் டிசம்பர் 13. மண் ஈரமாக, ஆபத்தாக இருந்ததால் பக்தர்கள் யாரும் மலையேற அனுமதி இல்லை. தீபம் ஏற்றும் உரிமை உள்ள பர்வதராஜ குலத்தாரும் பணியில் இருந்தவர்களும் மட்டும் போனார்கள். சரியாக ஆறு மணிக்கு 2,668 அடி உச்சியில் சுடர் எழுந்தது. எங்கள் மொட்டைமாடியில் எல்லோரும் கும்பிட்டோம். வழக்கமாகப் போடும் 'அரோகரா' கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது. அம்மா அழுதார். அது பக்தியா, அந்தக் குழந்தைகளை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

முக்கோணமும் சுடரும் அழகான முத்திரை. இரண்டே கோட்டில் முடிகிற முத்திரைதான் நிற்கும். ஆனால், அந்தக் கோடுகளுக்குள் முலைப்பால் தீர்த்தம் இல்லை, கந்தாஸ்ரமத்துச் சுனை இல்லை, மழைநீர் இறங்கும் ஓடைகள் இல்லை, அந்த நீரை வாங்கிக்கொள்ளும் குளமும் ஏரியும் இல்லை. நெருப்பை வரைந்தோம், நீரை வரையவில்லை. மாநகராட்சிக்குப் புதுச் சின்னம் எழுத யாராவது உட்கார்ந்தால், சுடர் தானாக வந்துவிடும். அதற்கு யாரும் சிபாரிசு செய்ய வேண்டாம். அடியில் ஒரு நீர்க்கோடு போடச் சொல்லி நான் சிபாரிசு செய்கிறேன். சின்னத்தில் கோடு போட்டால் ஓடை தூர்வாரப்படுமா என்று கேட்காதீர்கள். பட்டா, மாற்று இடம், ஓடை எல்லாம் தனிக்கதை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். என் கவலை சின்னது. அடுத்த முறை படம் தேடும் ஒருவருக்கு அந்த வீடுகள் கிடைக்க வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, கிரிவலப் பாதையில் ஒரு டிபன் கடைக்காரர் அப்பாவைக் கூப்பிட்டிருந்தார். ஷட்டரில் மலை வரைய வேண்டுமாம். ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்துவிடுகிறதாம், அதனால் பெயின்ட்டிலேயே வேண்டும் என்றார். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை. ஏணியில் ஏற விடவில்லை நான். ஸ்டூல் போட்டுக்கொண்டு வரைந்தார். முக்கோணம், சுடர், முன்னால் கோபுரம். எல்லாம் வழக்கம்போல.

பிறகு நாலாம் நம்பர் பிரஷ்ஷை எடுத்தார். அடிவாரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக வைத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கதவு, சிலவற்றுக்கு ஜன்னல். நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைக்காரர் வந்து பார்த்தார். "இன்னாண்ணே இது, பொட்டி பொட்டியா?"

"வீடு" என்றார் அப்பா.

"வீடா?" என்று கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி இருக்கட்டும். போன் நம்பரை மட்டும் இன்னும் பெருசா எழுதிடுங்க."